மேய்ச்சலுக்கு யார் மானியம் தருவார்?

ஜொகூரின் ரெங்கத்தைச் சுற்றி எங்கு திரும்பினாலும் செம்பனையும் பால்மரமும்தான். அவற்றின் அடியில் புல். அதை ஒழிக்க எஸ்டேட் களைமருந்துக்கும் கூலிக்கும் செலவழிக்கிறது. 2020இல் பராகுவாட் களைக்கொல்லி தடையானதும் வேறு மருந்து தோளில் ஏறியது. அதே புல்லைச் சம்பளம் கேட்காமல் தின்னும் செம்மறியின் இறைச்சியையோ ஆஸ்திரேலியாவிலிருந்து உறையவைத்து இறக்குகிறோம். பால்மரத்தடியில் செம்மறி மேய்ந்தால் களைச்செலவு குறையும் என்று ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1980களிலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் உதவி என்றால் நமக்கு ஆடு கொடுப்பதுதான். அரசின் பாவா திட்டத்தில் வாங்கிய ஆட்டுக்கு ஈடாகக் குட்டியைத் திருப்பித் தரவேண்டும். நியாயமே, ஆனால் எந்தத் தாயாடும் மேய்ச்சல் நிலத்தை ஈனுவதில்லை.

இளமரக்கன்றைக் கடித்துவிடுமே என்பார்கள். மரம் எட்டாத உயரம் வளர்ந்தபின் விடலாம். நிழல் அடர்ந்தால் புல் குறையுமே? ஆட்டையும் குறைத்துக்கொள்ளலாம். மழை ஊரில் குடற்புழு கொல்லுமே? கொல்லும், அதனால்தான் பணம் புழு மருந்துக்கும், மின்வேலிக்கும், எஸ்டேட்டோடு போடும் மேய்ச்சல் ஒப்பந்தத்துக்கும் போகவேண்டும் என்கிறேன். மண்ணில் விழும் களைமருந்தும் குறையும். சிக்கல் ஒன்றே: ஒப்படைப்பு விழாவில் மாலை போட ஆட்டுக்குக் கழுத்து இருக்கிறது, ஒப்பந்தத்துக்கு இல்லை.