செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆகல

கார் கிளம்ப மறுப்பதில் இரண்டு ரகம் உண்டு. சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமே இல்லை என்பது முதல் ரகம். பேட்டரி டவுன். பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் போட்டாலோ, நாலு பேர் தள்ளினாலோ தீர்ந்துவிடும். இரண்டாவது ரகத்தில் செல்ஃப் திடமாக எடுக்கும். கிர்ர்ர் கிர்ர்ர் என்று இன்ஜின் சுற்றும். டேஷ்போர்டில் விளக்கெல்லாம் எரியும், ரேடியோ பாடும். எல்லாம் நடக்கும், காரியம் மட்டும் நடக்காது.

முதல் ரகத்துக்கு ஆள் பலம் போதும். இரண்டாவதுக்குக் கொஞ்சம் யோசனை வேண்டும். நம் தெருக்களில் ஆள் பலத்துக்குப் பஞ்சமே கிடையாது என்பதுதான் இதில் உள்ள தொல்லை.

ஆவணி மாதத்து முகூர்த்த ஞாயிறு. கிணத்துக்கடவில் கல்யாணம். கோயம்புத்தூர் கணபதியிலிருந்து வெள்ளெனவே கிளம்பிவிட வேண்டும் என்று மாமனார் பட்டுக்கரை வேட்டியில், மனைவி மல்லிகைப் பூவில், மச்சினன் செல்போனில் தயாராக இருந்தார்கள். சாவியைத் திருகினேன். கிர்ர்ர். மறுபடியும் கிர்ர்ர்.

"சோக்க இழுத்து உடுங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார், பின் சீட்டிலிருந்து.

என் வண்டியில் சோக் கிடையாது. அவர் ஓட்டிய அம்பாசிடரில் இருந்தது. குளிர்ந்த இன்ஜினுக்குள் காற்றை மட்டுப்படுத்திப் பெட்ரோலைத் தூக்கலாக அனுப்புகிற குமிழ் அது. இழுக்கத் தெரிந்தவர்கள்தான் அந்தக் காலத்தில் டிரைவர். உத்தரபாரா ஆலையில் அம்பாசிடர் தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டது. மாமனாரின் மனதில் இன்னும் நிற்கவில்லை. அவரைப் பொறுத்தவரை உலகத்தில் எந்த வாகனம் மக்கர் செய்தாலும் அது அம்பாசிடர்தான், மேலே வேறு தகரம் போர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவே.

"இதுல சோக் இல்லீங்க மாமா, எல்லாம் கம்ப்யூட்டரே பாத்துக்கும்" என்றேன்.

"பாத்துக்கற லட்சணந்தான் தெரியுதே."

அதற்குள் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "என்னுங்கண்ணா, எடுக்கலீங்ளா? ரெண்டு பேரு கை வெச்சாப் போதுமுங்க." சொல்லி முடிப்பதற்குள் பால்காரர், வாட்ச்மேன், காலை நடை போன இரண்டு பெரியவர்கள் எல்லோரும் வண்டிக்குப் பின்னால் நின்றார்கள்.

தள்ளுவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் காருக்கு முன்னால் நின்று இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுற்றினால்தான் இன்ஜின் உயிர் பெறும். ஹேண்டில் திருப்பி அடித்தால் மணிக்கட்டு போய்விடும். சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர் மின்சார செல்ஃபை உருவாக்கி, அது 1912-ஆம் வருஷத்து கேடிலாக் கார்களில் வந்த பிறகுதான் மனிதக் கைகளுக்கு விடுதலை. ஹேண்டில், செல்ஃப், தள்ளுவது மூன்றும் செய்வது ஒரே வேலை: இன்ஜினை முதலில் சில சுற்று சுற்றி விடுவது. என் செல்ஃபோ அந்த வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. அப்படிப்பட்ட வண்டியைத் தள்ளுவது, சாப்பாடு இல்லாத பந்தியில் இன்னொரு இலை போடுவதுதான்.

இதை நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி விளக்கினேன். வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. எங்கள் தெரு கொஞ்சம் சரிவு. இரண்டாவது கியர், கிளட்சை விடு, ஒரு உதறல். மறுபடி தள்ளு, மறுபடி உதறல். கடைசியில் ஸ்டார்ட் ஆகாமலே தெருமுனை பேக்கரி வாசலில் போய் நின்றது. கோயம்புத்தூரில் எந்த முனையில் வண்டி நின்றாலும் அங்கே ஒரு பேக்கரி இருக்கும். பேக்கரி இருந்தால் டீ குடிப்பவர்கள் இருப்பார்கள். ஆக, வீட்டு வாசலில் கைக்கு அடக்கமாக இருந்த நிபுணர் குழு, முனைக்கு வந்ததும் மாநாடாகிவிட்டது.

"பெட்ரோல் இருக்குதுங்ளா?" என்று வந்தவர் ஒவ்வொருவரும் கேட்டார்கள். கேட்கும்போது முகத்தில் ஒரு கருணை. நியாயமான கேள்விதான், டேங்க்குக்குள் மிதவை சிக்கிக்கொண்டால் காலி டேங்க்கையும் பாதி என்று மீட்டர் காட்டும். ஆனால் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருப்பவனிடம் கேட்கக் கூடாத கேள்வி. மொபெட்டில் வந்த ஒருவர், "ப்ளக்கக் கழட்டி உப்புத்தாள்ல தேச்சுப் போடுங்க" என்றார். மொபெட்டுக்கு அது சரி. அங்கே ப்ளக் ஒன்று, வெளியே தெரிகிற இடத்தில் இருக்கும். இன்னொருவர் எலி என்றார். அவர் வண்டி ஒயரை எலி கடித்து, அந்தச் செலவு அவருக்கு இன்னும் ஆறவில்லை. மச்சினன் செல்போனில் தேடிப் பார்த்து, "கிராங்க் சென்சார் மாம்ஸ்" என்று தீர்ப்புச் சொன்னான். மூன்று பேரும் பானெட்டைத் தொடவில்லை. ஆளாளுக்கு அவரவர் வண்டியை ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வண்டி பாவம், அது ஒரு சாக்கு.

உண்மையில் பெட்ரோல் இன்ஜினின் தேவை ரொம்பக் கொஞ்சம். காற்று, பெட்ரோல், பொறி, உள்ளே அழுத்தம், எல்லாம் சரியான நேரத்தில். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று. இதில் எது வரவில்லை என்று கண்டுபிடிக்க காதும் மூக்கும் பாதி வேலை செய்துவிடும். செல்ஃப் வழக்கத்தை விட லேசாக, தடையே இல்லாமல் விர்ரென்று சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அதற்கு மேல் செல்ஃப் அடித்தால் பர்ஸும் அறுந்துவிடும். சாவிப் படம் போட்ட விளக்கு விடாமல் மின்னினால் வண்டிக்கு நம் சாவி மேல் சந்தேகம். கைவசம் இருக்கும் இன்னொரு சாவியைப் போட்டுப் பார்க்கலாம். இவை எதுவும் இல்லையென்றால் மூக்கு. கொஞ்ச நேரம் செல்ஃப் அடித்துவிட்டுப் புகைக்குழாயில் முகர வேண்டும். பெட்ரோல் வாடை வந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி வரவில்லை. வாடையே இல்லாவிட்டால் பெட்ரோலே வரவில்லை.

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேக்கரி வாசலில் குனிந்து சைலன்ஸரை முகர்ந்தேன். சொந்தக்காரர் ஒருவர் அந்த நேரம் பார்த்து பைக்கில் கடந்து போனார். கல்யாணத்தில் அவர் என்ன சொல்லிக்கொண்டிருந்திருப்பார் என்பது எனக்குத் தெரியும்.

வாடை இல்லை.

"அது ஒண்ணுமில்லீங்க, பம்புதான்" என்று ஒரு குரல். பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். வரிக்கியை டீயில் நனைத்தபடியே சொன்னார். இவர் எதற்கும் பம்ப் என்றுதான் சொல்வார். எங்கள் ஊரில் பம்ப்செட்டில் சம்பந்தப்படாத குடும்பம் குறைவு. இவர் பரம்பரையே அது. தண்ணீர் வராவிட்டாலும் பம்ப், கரண்ட் போனாலும் பம்ப். ஆனால் அன்றைக்குக் கேள்வி பெட்ரோல் ஏன் வரவில்லை என்பது. நின்றுபோன கடிகாரமும் சரியான நேரம் காட்டுகிற வேளை வந்திருந்தது.

"போர்வெல்லுக்குள்ள சப்மெர்சிபிள் கிடக்குதல்லங்க, அதே கதைதான் டேங்க்குக்குள்ளயும். பெட்ரோல்ல முழுகிக் கிடந்தாத்தான் பம்பு சூடாகாது. எந்நேரமும் ரிசர்வ்லயே ஓட்டுனா வெந்து போயிரும். நீங்க சாவியப் போடுங்க, செல்ஃப் அடிக்க வேண்டாம். பின் சீட்டுக்கிட்ட காத வெச்சுக் கேக்கோணும். ரெண்டு செகண்டு 'ஙொய்'னு ஓடி நிக்கோணும்."

மாமனாரை இறக்கினோம். சீட்டில் காதை வைத்தவர், கையைத் தூக்கி, "அல்லாரும் கம்முனு இருங்க" என்றார். மாநாடு அடங்கியது. டீ மாஸ்டர் கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டு, இரண்டு கையிலும் குவளையோடு நின்றார். சாவியைப் போட்டேன். ஒரு சத்தமும் இல்லை.

காயில் கடைக்காரர் டேங்க்கின் அடியில் செருப்பால் நாலு தட்டு தட்டிப் பார்த்தார். சோர்ந்துபோன பம்ப் சில சமயம் அதில் விழித்துக்கொள்ளுமாம். விழிக்கவில்லை. பானெட்டைத் திறந்து ஓரத்தில் இருந்த கறுப்புப் பெட்டியின் மூடியைக் கழற்றினார். மூடிக்கு உள்பக்கம் எது எங்கே என்று படம் போட்டிருந்தது. ஃபியூஸ் நன்றாக இருந்தது. பம்ப் ரிலேயைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தார். தீப்பெட்டியை விடச் சின்னது. நாலு காலில் ஒரு கால் கருத்து, அடியில் பச்சை பூத்திருந்தது.

"பம்பு நல்லாருக்குதுங்க. பம்புக்குக் கரண்டு போகல" என்றார். குரலில் லேசான ஏமாற்றம். பிறகு படத்தைப் பார்த்து, பக்கத்துக் குழியிலிருந்த அதே அச்சு ரிலேயைப் பிடுங்கி பம்பின் இடத்தில் செருகினார். சாவியைப் போட்டேன். 'ஙொய்'. திருகினேன். கிர்ர், புர்ரூம். பேக்கரியே கை தட்டியது. அதிகமாகத் தட்டியவர்கள் தள்ளியவர்கள்.

"அந்த இன்னொரு ரிலே எதுக்கானதுங்க?" என்றாள் மனைவி. அன்று காலையில் யாரும் கேட்காத உருப்படியான கேள்வி.

"ஹாரனுக்குங்க. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, ஸ்பேர் கடை இருக்காது. நாளைக்கு வாங்கிப் போட்டுக்கலாமுங்க."

மோட்டார் வாகன விதிகளின்படி ஹாரன் கட்டாயம். பொள்ளாச்சி ரோட்டின்படி பிரேக்கை விடக் கட்டாயம். உக்கடம் வரை மெதுவாக வந்துவிட்டோம். சுந்தராபுரத்தில் ஒரு ஸ்கூட்டர்காரர் நடு ரோட்டில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். மாமனார் ஜன்னலை இறக்கி, பாதி உடம்பை வெளியே விட்டு, "ஏனுங்க தம்பீ!" என்று போட்ட சத்தத்தில் அவரோடு எதிரே வந்த டவுன் பஸ்ஸும் ஒதுங்கியது. அப்புறம் ஈச்சனாரி தாண்டும்வரை அவர் உள்ளே வரவே இல்லை.

தாலி கட்டி முடிந்து, இரண்டாவது பந்தியில் இடம் கிடைத்தது. எனக்கு நாலு இலை தள்ளி மாமனார். பக்கத்து இலைக்காரர் ஏன் இவ்வளவு நேரம் என்று விசாரித்திருக்க வேண்டும். தொண்டை கட்டிய குரலில் மாமனார் சொல்வது என் காதில் விழுந்தது:

"அதொண்ணுமில்லீங்க, சோக்குதான். நாங் காலைலயே சொன்னேன்."