லயத்துக் காம்பராவில் ஜேர்மன் வேற்றுமைகள்: ஒரு முதற்கட்ட ஆய்வு

ஜேர்மனியில் இருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேர நினைப்பவர், பொதுவாக, ஏ1 என்ற அடிப்படை நிலைப் பரீட்சையில் தேறியிருக்க வேண்டும் என்று அந்நாடு 2007 ஆகஸ்டில் சட்டம் செய்தது. திருமணப் பதிவுச் சான்றிதழும் கல்யாண அல்பமும் இருந்தால் போதாது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கிலும் சேர்த்து 100க்கு 60 புள்ளி எடுக்க வேண்டும். படிக்க வேண்டிய சொற்கள் சுமார் 650. அவற்றில் கணிசமான பங்கு அப்பா, அம்மா, அக்கா, அடுப்பு, கட்டில், கதவு என்று குடும்பத்தையும் வீட்டையும் சேர்ந்தவை. இந்தச் சொற்பட்டியல் இலங்கையின் ஊவா மாகாணத்துப் பசறையிலோ ஹாலி-எலயிலோ ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்துக்குள் நுழையும்போது மொழிக்கு என்ன ஆகிறது, லயத்துக்கு என்ன ஆகிறது என்பதை அறிஞர் உலகம் இதுவரை கண்டுகொள்ளவில்லை. அந்தக் குறையைப் போக்க இக்கட்டுரை முயல்கிறது.

முதலில் வரலாறு. ஊவாவுக்கு ஜேர்மன் மொழி டியூஷன் வகுப்பு வழியாகத்தான் வந்தது என்று நினைப்பது பிழை. அது முள்வேலிக்குள் வந்தது. பதுளை மாவட்டத்துத் தியத்தலாவையில் 1900இல் பிரித்தானியர் தென்னாபிரிக்கப் போயர் போர்க் கைதிகளை அடைக்க முகாம் கட்டினார்கள். அந்த மலைச்சரிவில் முதலில் ஒலித்தது ஜேர்மன் அல்ல, அதன் ஒன்றுவிட்ட சகோதரமான டச்சு வழிப் பேச்சு. அசல் ஜேர்மன் இரண்டு உலகப் போர்களிலும் வந்தது. வீஸ்பாடன் நகரில் 1878இல் பிறந்து பௌத்த பிக்குவான ஞானதிலோக தேரர் இரண்டு தடவையும் தியத்தலாவையில் அடைபட்டார். இரண்டாவது தடவை அவருடைய சீடர் ஞானபொனிக தேரரும் கூட இருந்தார். இருவரும் பெரும் புலமையாளர்கள். ஆனால் இருவரும் துறவிகள். மனைவி, மச்சான், மாமியார், சமையலறை ஆகிய யாவும் வேண்டாம் என்று வந்தவர்கள். ஊவாவுக்கு வந்த முதல் ஜேர்மன் இலக்கணத்தில் குடும்ப அத்தியாயம் இல்லாமல் போனதற்கு இதுவே காரணம் என்பது இவ்வாய்வின் துணிபு. மறுப்பவர்கள் வேறு காரணம் காட்டட்டும்.

அடுத்தது வீடு. இங்கே ஆய்வாளனுக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது. லயத்தில் இருப்பவர்கள் தங்களை அறியாமலே பல தலைமுறைகளாகப் பாதி ஜேர்மனில் குடித்தனம் நடத்தி வருகிறார்கள். அவர்கள் ‘காம்பரா’ என்பது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். அதன் லத்தீன் தாயின் இன்னொரு பிள்ளை ஜேர்மனியில் ‘கம்மர்’ என்று வளர்ந்திருக்கிறது. ‘குசினி’யும் ஜேர்மன் ‘க்யூஹெ’யும் அப்படியே ஒரு வயிற்றுப் பிள்ளைகள். முன்வாசல் ‘இஸ்தோப்பு’ டச்சுக்காரர் தந்தது. அதன் ஜேர்மன் உறவு ‘ஷ்டூஃபெ’, அதாவது படி. பெரியவர்கள் வாயில் இன்னும் இருக்கும் ‘கந்தோர்’ ஜேர்மன் துறைமுகங்களில் ‘கொன்டோர்’ என்று வியாபாரம் செய்தது. கோப்பையில் இருக்கும் தேயிலையின் ‘தே’ அங்கே ‘டே’. எல்லாவற்றுக்கும் மேலாக, லயத்துக்குப் பின்னால் சற்றுத் தள்ளி, மழைநாளில் குடையோடு போக வேண்டிய இடத்தில் இருக்கும் ‘கக்கூஸ்’ டச்சுச் சொல். அதன் பின்பாதியான ‘ஹவுஸ்’தான் ஜேர்மனில் வீடு. வீடு என்ற ஜேர்மன் சொல்லை லயத்தில் தேடிப் போனால், கதவு ஒழுங்காகச் சாத்தாத அந்த ஒரேயொரு கட்டடத்தில்தான் அகப்படுகிறது. இதற்குமேல் இந்தச் சான்றை நான் அலச விரும்பவில்லை.

உறவுமுறைப் பகுதியில் நிலைமை தலைகீழ். சொற்பட்டியலைத் திறந்து பார்க்கும் தோட்டத்துப் பெண்ணுக்கு முதலில் வருவது பரிதாபம். பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை புருஷன், சின்னம்மா புருஷன் எல்லாருக்கும் ‘ஓன்கெல்’ ஒன்றுதான். பெண்கள் பக்கம் ‘டான்டெ’. பெரியப்பாவுக்கும் மாமாவுக்கும் வித்தியாசம் தெரியாத சனம் கார் செய்கிறதா என்று வகுப்பில் யாராவது வியந்தால் அது நியாயமான அறிவியல் ஐயமே. மேற்குலகுக்கும் இந்த வித்தியாசம் புதுமையாகத்தான் பட்டது. 1871இல் உறவுமுறைகளைப் பற்றிப் பெரும் நூல் எழுதிய அமெரிக்கர் லூயிஸ் ஹென்றி மோர்கன், தமிழர் முறையும் தம் நாட்டு இரகுவாய்ப் பழங்குடிகளின் முறையும் ஒத்துப்போவதைக் கண்டு வியந்தார். ஜேர்மனியரின் பழைய பெட்டியையும் அவர் கிளறியிருக்கலாம். ஏனென்றால் பழைய ஜேர்மனில் தகப்பனின் சகோதரன் ‘ஃபெட்டர்’, தகப்பனின் சகோதரி ‘பாஸெ’, தாயின் சகோதரன் ‘ஓஹைம்’, தாயின் சகோதரி ‘மூமெ’. நான்கும் நான்கு தனி ஆட்கள். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பிரெஞ்சு நாகரிகம் பிடித்தபோது ஓஹைமையும் மூமெயையும் பரணில் போட்டுவிட்டு, ஓன்கெல், டான்டெ என்று இரண்டு இறக்குமதிச் சரக்கோடு திருப்திப்பட்டார்கள். மிஞ்சிய ஃபெட்டரும் பாஸெயும் ஒன்றுவிட்ட பிள்ளைகளாகப் பதவி இறக்கப்பட்டார்கள். லுணுகலைப் பெண் ஐந்நூறு வருடம் முந்திப் பரீட்சைக்குப் போயிருந்தால் இந்தப் பகுதியில் முழுப் புள்ளி எடுத்திருப்பாள். இன்று போவதால் தெரிந்ததை மறக்கப் பயிற்சி எடுக்க வேண்டியிருக்கிறது.

மறக்கும்போது விபரீதங்கள் நேரும். சித்தப்பா மகன் நமக்கு அண்ணன். மாமன் மகன் முறை மாப்பிள்ளை. புதிய ஜேர்மனில் இருவருமே ‘குஸேன்’. மாமன் மகனைக் கட்டிய பெண் உண்மையைச் சொன்னால், ‘என் குஸேன்தான் என் கணவர்’ என்று சொல்ல வேண்டும். ஜேர்மன் சட்டம் இதைத் தடுக்கவில்லை. தடுப்பது அவளுடைய நாக்குத்தான். அந்த வாக்கியத்தில் அவள் காதுக்குக் கேட்பது அண்ணனைக் கட்டிய கதை. ஆனால் ஜேர்மனியரை முற்றாகக் கைவிடவும் முடியாது. ‘ஷ்விப்ஷ்வாகர்’ என்றொரு சொல் வைத்திருக்கிறார்கள். மனைவியின் சகோதரியைக் கட்டியவர், அதாவது அச்சு அசல் சகலை. சகலைக்குத் தனிச்சொல் வைத்திருக்கும் எந்த இனத்தையும் நாகரிகமற்றது என்று சொல்ல இவ்வாய்வாளனுக்கு மனம் வராது. அந்தச் சொல் ஏ1 பட்டியலில் இல்லை. பாடத்திட்டக் குழுவில் சகலை உள்ளவர் யாரும் இருக்கவில்லை போலும்.

பால் பாகுபாட்டை ஒரு கோப்பையோடு முடித்துவிடலாம். தொல்காப்பியர் உயர்திணை, அஃறிணை என்று பிரித்ததோடு நமக்குப் பிரச்சினை தீர்ந்தது. ஜேர்மனில் தேநீர் ஆண், சீனி ஆண், பால் பெண், தண்ணீர் இரண்டுமில்லை. அப்படியானால் பிளேன்டீ ஆண்கள் கூட்டம். மாதக் கடைசியில் பால்மா முடிந்த வீடுகளில் பெண்பாலே கலக்காது. கொழுந்தெடுக்கும் பெண் பெண்பால்தான். ஆனால் அவள் வீட்டில் விட்டுவந்த சின்னப் பெண்பிள்ளை, ‘மேட்ஷென்’, அஃறிணை. சொல் ‘ஷென்’ என்று முடிந்தால் அப்படித்தானாம். பதுளையிலிருந்து கொழும்புக்கு ஓடும் பொடி மெனிக்கே ரயிலின் பெயரை, அதாவது ‘சின்னப் பெண்’ என்பதை, ஜேர்மனில் சொன்னால் அதற்கும் இதே கதிதான் வரும். ரயிலுக்குப் பொருத்தம், பிள்ளைக்கு இல்லை.

எழுத்துப் பகுதியில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பரீட்சையிலேயே இலேசான பகுதி இதுதான் என்று பாடநூல்கள் சொல்கின்றன. குடும்பப் பெயர்: நம்மிடம் இருப்பது தகப்பன் பெயரின் முதலெழுத்து. அதை விரித்து எழுதினால் தகப்பன் குடும்பமாகிவிடுகிறார், கல்யாணமானவளுக்குக் கணவன் குடும்பமாகிவிடுகிறார், அவள் தம்பிக்குப் பிள்ளை பிறந்தால் தம்பியே குடும்பமாகிவிடுகிறான். ஒரே காம்பராவில் மூன்று குடும்பப் பெயர்கள். தெருப் பெயர், வீட்டு இலக்கம்: லயத்துக்கு வரும் கடிதத்தில் தோட்டத்தின் பெயரும் டிவிசனும்தான் இருக்கும். அது கந்தோருக்கு வந்து, அங்கிருந்து ஆள் கை மாறி வரும். தோட்டத்து மண்பாதைக்குப் பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த கட்டம் நாட்டுரிமை. ‘ஷ்டாட்ஸ்அங்கெஹோரிஷ்கைட்’ என்ற அந்தச் சொல்லின் நீளத்தைப் பார்த்து மற்ற ஊர்ப் பிள்ளைகள் மிரள்வார்கள். மலையகப் பிள்ளைகள் மிரளத் தேவையில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தில் அவர்கள் முன்னோரிடமிருந்து பறிபோனது 2003இன் சட்டத்தில் முழுதாகத் திரும்பி வர 55 வருடம் பிடித்தது. அதோடு பார்த்தால் சொல் குட்டையானது. இடையில் 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று எண்ணிப் பிரித்தது. ‘உங்கள் சகோதரர்கள் எங்கே வசிக்கிறார்கள்?’ என்ற ஏ1 கேள்விக்கு ‘நீலகிரியில்’ என்று பதில் வருவது அதனால்தான். பாட்டிக்கு அதே கேள்வியைப் போட்டால் பேசுதல் பகுதிக்கு ஒதுக்கிய கால் மணி நேரம் போதாது.

இனி இவ்வாய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு. ஜேர்மனில் ‘இன்’ என்ற ஒரே முன்னிடைச்சொல் இரண்டு வேற்றுமைகளை ஏற்கும். ஓரிடத்துக்குப் போனால் இரண்டாம் வேற்றுமை. அங்கேயே இருந்தால், நம் கணக்கில் நான்காம் வேற்றுமை. தமிழன் போவதற்குத்தான் நான்காம் வேற்றுமையை வைத்திருக்கிறான்: குசினிக்குப் போ. அவர்கள் சும்மா இருப்பதற்கு வைத்திருக்கிறார்கள். வகுப்பில் பிள்ளைகள் தடுமாறுவதற்கு இதையே காரணமாகச் சொல்வது வழக்கம். அது மேலோட்டமான விளக்கம். உண்மைக் காரணம் கட்டடக்கலை. பாடநூல் படத்தில் வரவேற்பறை, படுக்கையறை, பிள்ளைகள் அறை, குளியலறை என்று ஒரு வீடு இருக்கிறது; அதில் ஓர் ஆள் நாள் முழுதும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இரண்டாம் வேற்றுமையில் நடந்துகொண்டே இருக்கிறார். லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டடி. பகலில் அது வரவேற்பறை. பிள்ளை புத்தகம் விரித்தால் படிப்பறை, பாயை விரித்தால் படுக்கையறை. வரவேற்பறையிலிருந்து படுக்கையறைக்குப் போக ஓர் அடிகூட எடுத்து வைக்க வேண்டியதில்லை. அறைதான் ஆளிடம் வருகிறது. ஆகவே லயத்துக்குள் இரண்டாம் வேற்றுமைக்கு வேலையே கிடையாது. ‘தாத்தா படுக்கையறைக்குள் போகிறார்’ என்ற வாக்கியத்தைப் பிழையாக எழுதிய பிள்ளையிடம் இலக்கணக் குறை இல்லை. தாத்தா எங்கும் போனதை அந்தப் பிள்ளை பார்த்ததில்லை. பரீட்சைக் குழு இதற்குச் சலுகைப் புள்ளி பரிசீலிக்கலாம்.

உடைமைச் சொற்களிலும் இதே சிக்கல்தான். ‘மைன் ஹவுஸ்’, என் வீடு, என்று சொல்லச் சொல்கிறது பாடநூல். காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசிடம் சேர்த்தன. 1992இல் அவை கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. இத்தனை கை மாறியும் லயத்தின் ‘மைன்’ லயத்தில் இருப்பவரிடம் வந்து சேரவில்லை. சொந்தக் காணியில் தனிவீடு கிடைத்தவர்கள் மட்டும் இந்த அத்தியாயத்தைத் தயக்கமின்றிப் படிக்கலாம். மற்றவர்களுக்கு இவ்வாய்வு ‘வசிக்கிறேன்’ என்ற வினையைப் பரிந்துரைக்கிறது. அது உரிமை கேட்காது, உறுதிப்பத்திரம் கேட்காது. கூடவே ஒரு பொருத்தமான பெயர்ச்சொல்லும் உண்டு: ‘ரையென்ஹவுஸ்’. சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று என்று அகராதி விளக்குகிறது. இம்மி பிசகாமல் லயம்தான். ஆனால் அங்கே அது மாடி வைத்து, பின்பக்கம் புல்தரை வைத்து, நடுத்தர வர்க்கத்தார் இருபது வருடம் கடன் கட்டி வாங்குவது.

ஆகவே ஸ்பிரிங்வெலியிலிருந்து வரும் பரீட்சார்த்தி, ‘நான் ஒரு ரையென்ஹவுஸில் வசிக்கிறேன்’ என்று நான்காம் வேற்றுமையில் சொல்லட்டும். இலக்கணம் சரி, தகவலும் சரி. பரீட்சகர் மகிழ்ந்து போவார். அந்த மாதிரி வீட்டுக்காரரிடம் அடுத்துக் கேட்கத் தோன்றுவது தோட்டம் இருக்கிறதா என்பதுதான். ‘இருக்கிறது’ என்று தயங்காமல் சொல்லலாம். எவ்வளவு பெரியது என்று கேட்டால், எண்கள் பாடத்தை நினைவுபடுத்திக்கொண்டு, ஹெக்டேரில் சொல்ல வேண்டும்.