மூன்று பட்டனும் ஒரு குரங்குக் குல்லாவும்

அமெரிக்காவில் வீட்டுக்கு வாசல் என்று ஒன்று வைத்திருப்பது பீட்சா கொண்டுவருகிறவருக்காக. வீட்டுக்காரர்கள் கராஜ் வழியாகத்தான் போவார்கள், வருவார்கள். நியூஜெர்சி எடிசனில், எங்கள் வாசற்படியில் மனைவி போடும் கோலம் ஐந்து நாளானாலும் அழியாது, மிதிக்க ஆளில்லை. மிதிபடுவதெல்லாம் கராஜ்தான். இரண்டு கார் நிற்கிற இடம். ஒரு பாதியில் ஓக் ட்ரீ ரோட்டில் வாங்கிய பொன்னி அரிசி மூட்டைகள், கொலுப்படி, மகளுக்குச் சின்னதாகிப்போன மூன்று சைக்கிள். மறு பாதியில் என் கார். மனைவியின் கார் வெளியே பனியில் நிற்கும். இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று நீங்கள் கேட்க வேண்டாம். அவள் தினமும் கேட்கிறாள்.

போன நவம்பரில் என் காரை மாற்றி, வேறொரு பழைய கார் வாங்கினேன். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே மூன்று சின்ன பட்டன்கள். கராஜ் கதவுக்கான ரிமோட் காருக்குள்ளேயே பொருத்தியிருக்கிறது, தனி ரிமோட்டைச் சுமக்க வேண்டாம் என்றார் விற்றவர். தனி ரிமோட்டின் எடை ஒரு மெதுவடையைவிடக் குறைவு. இருந்தாலும் அதைச் சுமந்து நான் எவ்வளவு களைத்துப்போயிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கும்பகோணத்திலிருந்து அப்பா வந்திருந்தார். ஒரு வங்கியில் முப்பது வருடம் காசாளராக இருந்தவர். ஸ்ட்ராங் ரூம் சாவி ஒன்று அவரிடம், இன்னொன்று மேனேஜரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். ரிட்டையர் ஆகிப் பதினான்கு வருடம் ஆகியும், எந்தப் பூட்டைப் பார்த்தாலும் மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் நகரமாட்டார். பக்கத்து வீட்டுப் பூட்டானாலும் சரி.

கார் கையேட்டின் முதல் பாடம், பழையதை மறக்கடிப்பது. ஓரத்து பட்டன்கள் இரண்டையும் ஒருசேர அமுக்கி, விளக்கு மினுக்கும் வரை பிடித்திருக்க வேண்டும். முன்னாள் சொந்தக்காரரின் கதவு எண் காரின் நினைவில் இருக்கலாம் என்பதால் இந்தச் சடங்கு. அப்பாவிடம் விளக்கினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அப்போ, வீட்டுச் சாவியை உள்ளேயே வெச்சுக் காரை வித்திருக்கான்?"

"அப்படித்தான்னு வெச்சுக்கோங்களேன்."

"நீ பழைய காரைக் கொடுத்தியே, அதுல அழிச்சியா?"

பழைய காரில் அந்த பட்டனே கிடையாது என்று நான் சொல்லி முடிக்கும்வரை அவர் மூச்சு விடவில்லை.

இரண்டாவது பாடம் உபதேசம். கை ரிமோட்டைக் கண்ணாடி பட்டனிலிருந்து ஒன்று முதல் மூன்று அங்குலத் தூரத்தில் வைத்து, இரண்டையும் சேர்த்து அமுக்க வேண்டும். பூணூல் கல்யாணத்தில் வேட்டியைப் போர்த்திக்கொண்டு காதில் மந்திரம் ஓதுவார்களே, அந்த நெருக்கம். முதலில் மெதுவாக மினுக்கிய விளக்கு வேகமாக மினுக்கினால் சீடனுக்கு மந்திரம் ஏறிவிட்டது என்று பொருள். மினுக்கியது. பெருமையாக அமுக்கினேன். கதவு அசையவில்லை.

காரணம் இருக்கிறது. அந்தக் காலத்து ரிமோட் எப்போதும் ஒரே எண்ணைத்தான் சொல்லும். ஒட்டுக் கேட்டவன் அதையே திருப்பிச் சொன்னால் கதவு திறந்துவிடும். இப்போதுள்ளவை ரோலிங் கோடு வகை. ஒவ்வொரு அமுக்கலுக்கும் புது எண். அடுத்து எந்த எண் வரும் என்பது ரிமோட்டுக்கும் கூரையில் தொங்கும் மோட்டாருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். கார் மந்திரத்தைக் கற்றால் போதாது. இவன் நம்ம பையன்தான் என்று மோட்டாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு மோட்டாரின் முதுகில் ஒரு 'லேர்ன்' பட்டன். எங்களுடையது ஆரஞ்சு நிறம். அதைத் தட்டிய முப்பது விநாடிக்குள் காருக்குள் போய் அமுக்க வேண்டும்.

"எங்க ஸ்ட்ராங் ரூம் மாதிரிதான், ரெண்டு சாவி," என்றார் அப்பா. அவருக்கு இந்த எந்திரத்தின்மேல் முதல்முறையாக மரியாதை வந்தது.

மோட்டார் கராஜின் நடுக்கூரையில். அதன் கீழே ஏணி வைக்கக் காரை வெளியே எடுத்தாக வேண்டும். ஆக ஏணியில் ஏழு படி இறங்கி, அரிசி மூட்டையைத் தாண்டி, சைக்கிள் பெடலில் முழங்காலை இடித்துக்கொண்டு, வெளியே காருக்கு ஓட எனக்கு முப்பத்து நான்கு விநாடி ஆயிற்று. மூன்று முறையும் அதே முப்பத்து நான்கு. நாலாவது முறை மனைவியைக் காரில் உட்கார வைத்தேன்.

"இப்ப அமுக்கட்டுமா?"

"இரு, இரு."

"இருன்னா, அமுக்கிக்கிட்டே இருக்கணுமா, அமுக்காம இருக்கணுமா?"

தமிழ் மொழியின் வளம் அன்று எனக்கு எதிராகத் திரும்பியது. இந்தக் கலவரத்தில், லேர்ன் பட்டனில் இருந்த விரலை எடுக்க மறந்துபோனேன். அந்த பட்டனைத் தட்டினால் கற்றுக்கொள்ளும். ஆறு விநாடி விடாமல் அமுக்கினால், அதுவரை கற்ற அத்தனையையும் மறந்துவிடும். என் கை ரிமோட், மனைவியின் ரிமோட், வெளிச்சுவரின் எண்பலகை, எல்லாம் அந்நியராகிவிட்டன. ஒவ்வொன்றாக மறுபடி அறிமுகப்படுத்தி முடிக்க இருட்டிவிட்டது. கடைசியில் கண்ணாடி பட்டனுக்குக் கதவு திறந்தபோது மகள் கைதட்டினாள். கை ரிமோட்டைச் சமையலறை டிராயரில் போட்டேன். கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஏழு மணி. சுவர் பட்டனை அமுக்கிக் கதவைத் திறந்து, காரை வெளியே எடுத்து, மூடுவதற்குக் கண்ணாடி பட்டனை அமுக்கினேன். விளக்கு எரிந்தது; கதவு இறங்கவில்லை. இந்த ரிமோட்டுகள் பேசும், கேட்காது. கதவு கீழ்ப்படிந்தாலும் படியாவிட்டாலும் விளக்கு அதே சந்தோஷத்தோடு எரியும்.

மூடாமல் போக முடியுமா? இறங்கி உள்ளே போய், சுவர் பட்டனைத் தட்டிவிட்டு, கதவு இறங்குவதற்குள் வெளியே ஓடிவர வேண்டும். இதில் ஒரு சிக்கல். கதவின் இரு பக்கமும் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் ஒரு ஜோடி மின்கண் இருக்கும். குழந்தைகள் கதவுக்கடியில் சிக்கி இறந்த பிறகு, 1993 முதல் இதுபோன்ற பாதுகாப்பை அமெரிக்கா கட்டாயமாக்கியது. குறுக்கே கால் பட்டால் கதவு மறுபடி மேலே போய்விடும். ஆகவே தலையைக் குனிந்து, காலை மட்டும் உயரத் தூக்கி, வேட்டியைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் தாண்டுகிறவர்போல ஓட வேண்டும். மேலே ஏறித் திறக்கும் கதவை 1921இலும், அதை இழுக்கும் மின்சார எந்திரத்தை 1926இலும் கொண்டுவந்தவர் சி. ஜி. ஜான்சன். மனிதன் குனிந்து நிமிர்ந்து படும் பாட்டை ஒழிக்க நினைத்த புண்ணியவான். லேப்டாப் பையோடு நான் தாண்டிய தாண்டலை அவர் பார்த்திருக்கக் கூடாது.

மாலை வீடு திரும்பினேன். கண்ணாடி பட்டன் வேலை செய்தது! மறுநாள் காலை செய்யவில்லை. மாலையில் செய்தது. ஒரு வாரம் இதே கதை. காலையில் டிராயரிலிருந்து கை ரிமோட்டை எடுத்துப் பார்த்தேன், அதுவும் ஊமை. பேட்டரி மாற்றினேன், மாலையில் பேசியது. அடுத்த காலை மறுபடி ஊமை.

நான் இருபது வருடமாக மென்பொருளில் பிழை தேடிச் சம்பாதிப்பவன். ஒரு நோட்டு போட்டேன். முதல் சந்தேகம் பல்பு. சில எல்ஈடி பல்புகள் ரேடியோ இரைச்சலைக் கிளப்பி, மோட்டாரின் காதை அடைத்துவிடும் என்பது உண்மை. மோட்டாரில் மாட்டியிருந்ததைக் கழற்றினேன். மென்லோ பார்க்கில் உட்கார்ந்து 1879இல் பல்பு எரியவிட்ட மனிதரின் பெயரையே சுமக்கும் ஊரில், பல்பு இல்லாத இருட்டுக் கராஜ் எங்களுடையதுதான். பயனில்லை. இரண்டாவது குளிர். மூன்றாவது ராணுவம். சிரிக்காதீர்கள். 2004, 2005 வாக்கில் அமெரிக்க ராணுவம் 380 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் புது ரேடியோக்களைப் போட்டபோது, சில தளங்களைச் சுற்றியிருந்த வீடுகளில் கராஜ் கதவுகள் ரிமோட்டுக்கு மசியவில்லை. என் கதவு 390. ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு ராணுவத் தளம் இருக்கிறது. காலையில் மட்டும் டிரில் செய்கிறார்களோ?

புகார் கொடுக்கவும் வழியில்லை. ரிமோட்டின் முதுகில் அரசாங்க விதி பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிறது: இந்தக் கருவி பிறருக்குக் கெடுதலான குறுக்கீடு செய்யக் கூடாது, தனக்கு வரும் எந்தக் குறுக்கீட்டையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் நடுப்பிள்ளையாகப் பிறந்தவர் யாரோதான் அதை எழுதியிருப்பார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் பத்து முறை அமுக்கினார், பத்து முறையும் கதவு ஆடியது. வந்த கூலி தொண்ணூற்றைந்து டாலரை வாங்கிக்கொண்டு, "நல்ல கதவு" என்று நற்சான்று கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றிரவு பத்தரை மணிக்குத் தண்ணீர் குடிக்க இறங்கினேன். ஹாலில் அப்பா. வாசல் கதவை மூன்று இழுப்பு. பின்கதவை மூன்று இழுப்பு. அடுப்புத் திருகுகளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கராஜுக்குள் போய், சுவர் பட்டனுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிய தன் குரங்குக் குல்லாவை விலக்கினார். குல்லாவுக்குப் பின்னால், பெரிய பட்டனுக்குக் கீழே, பூட்டுப் படம் போட்ட ஒரு குட்டி பட்டன். மேனேஜர் முன்னால் நிற்பவர்போல நிதானமாக அதை அமுக்கிப் பிடித்தார். விளக்கு மினுக்கத் தொடங்கியதும் குல்லாவைப் பழையபடி தொங்கவிட்டார்.

"என்னப்பா பண்றீங்க?"

"பூட்டறேன். இவ்வளவு பெரிய கதவைப் பூட்டாம தூங்கறியே, நல்லா இருக்கா?"

வெளியூர் போகும்போது போட்டுவைக்கும் பூட்டு அது. போட்டுவிட்டால் எந்த ரிமோட்டையும் மோட்டார் மதிக்காது. சுவர் பட்டன் மட்டும் வேலை செய்யும். காலை ஒன்பது மணிக்கு, வெயில் வந்ததும், நடக்கப் போவதற்கு முன் அப்பாவே திறந்துவிடுவார். நான் போவது ஏழு மணிக்கு.

"இது பூட்டுன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"பேத்தி படிச்சுச் சொன்னா. விளக்கு மினுக்கற வரைக்கும் அமுக்கணும்னும் சொன்னா."

காலையில் அவளைப் பிடித்தேன். ஐந்தாம் வகுப்பு. சீரியல் கிண்ணத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "நீங்க என்னைக் கேக்கவே இல்லையேப்பா."

ரோலிங் கோடு இருக்கும்போது பூட்டு எதற்கு என்று அப்பாவிடம் வாதாடிப் பார்த்தேன். வாதத்தின் வேகத்தில் தேவையில்லாத ஒன்றையும் சொல்லித் தொலைத்தேன். 2015இல் சாமி கம்கார் என்பவர் (நம்மூர்ச் சாமி இல்லை, அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர்), குழந்தைகள் செய்தி அனுப்பி விளையாடும் பொம்மை ஒன்றைத் திருத்தி, பழைய வகை ஒற்றை எண் கதவுகளைப் பத்து விநாடிக்குள் திறந்து காட்டினார். நம்முடையது அந்த வகை இல்லை என்றேன். அப்பாவின் காதில் "பொம்மை", "பத்து விநாடி" இரண்டும்தான் விழுந்தன. அன்றிரவு அவர் பூட்டை இழுத்துப் பார்க்க முடியாதே என்று வருந்தி, கதவையே மூன்று முறை தள்ளிப் பார்த்தார்.

சமாதானம் ஏற்பட்டது. இரவு அவர் பூட்டுவார். காலையில் நான் திறந்துவிட்டுப் போக வேண்டும். முதல் நாளே மறந்துவிட்டேன். காரை வெளியே எடுத்து, கண்ணாடி பட்டனை அமுக்கினேன். விளக்கு எரிந்தது. கதவு மெல்ல இறங்கத் தொடங்கியது. எப்படி என்று நிமிர்ந்து பார்த்தேன். கதவுக்கு அடியில், இறங்க இறங்க, குரங்குக் குல்லா மறைந்தது, மஃப்ளர் மறைந்தது, சுவர் பட்டனில் இருந்த கை மறைந்தது. கடைசியாக வேட்டியும் செருப்பும் தெரிந்தன.

கதவு தரையைத் தொட்டதும் உள்ளிருந்து ஓசை வந்தது. மூன்று முறை தள்ளிப் பார்த்தார்.