ஃபிராங்க் சர்ச்சில் முடிவெட்டிக்கொண்டது குறித்து ஓர் ஆய்வு

1815 டிசம்பரில் வெளியான ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’ நாவலைக் காதல், பொறாமை, தப்புக்கணக்கு என்ற கோணங்களில் அலசியவர்கள் ஏராளம். முடிவெட்டு என்ற கோணத்துக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

தரவு எளிது. ஹைபரியில் அப்பா வீட்டுக்கு வந்திருக்கும் ஃபிராங்க் சர்ச்சில், ஒருநாள் காலை உணவு வேளையில் திடீரென்று வண்டியை வரவழைத்து லண்டனுக்குப் புறப்படுகிறான். போக 16 மைல், வர 16 மைல். நோக்கம், முடிவெட்டிக்கொள்வது. தலையில் பூசும் மாவுக்கு 1795-இல் பிரிட்டிஷ் அரசு ஆண்டுக்கு ஒரு கினி வரி விதித்தபின் அந்த வழக்கம் தேய்ந்து, சொந்த முடியைக் கத்தரித்துக்கொள்வதே நாகரிகமாகியிருந்தது. ஆகவே காரணம் நம்பும்படிதான் இருந்தது. ஆனால் உள்ளூரில் முடிவெட்ட ஆளே இல்லையா என்று நாவலில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆய்வுலகம் வெட்கப்பட வேண்டிய இடம் இது.

அப்பா வெஸ்டனுக்கு இது நல்ல வேடிக்கைக் கதை. புதிதாக வந்த சின்னம்மா, வாலிபக் கிறுக்கு என்று அவசரமாகக் கடந்துவிடுகிறாள். ஊருக்கெல்லாம் ஜோடி சேர்த்துவைக்கும் எம்மா, வீண் பகட்டு என்று முகம் சுளிக்கிறாள். கூச்சமே இல்லாமல் அவன் சிரித்துக்கொண்டு திரும்பி வந்ததும் சமாதானமாகிவிடுகிறாள். நம் கவனத்துக்குரியவர் நைட்லி. நிலபுலன் உள்ளவர், ஊரே மதிக்கும் மனிதர். கையிலிருந்த செய்தித்தாளைப் பார்த்தபடியே, பயல் வெறும் வெட்டி ஆள்தான், நினைத்தது சரியாகப் போயிற்று என்று முணுமுணுக்கிறார். ஃபிராங்கின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவருக்கு அவனைப் பிடிக்காது. எம்மாவைத் தான் காதலிப்பது அவருக்கே தெரியாத கட்டம் அது. பொறாமைக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

நால்வரும் பார்த்தது தலையை. வண்டி போனதோ பியானோவுக்கு. சில நாளில் பிராட்வுட் கம்பெனியின் பெரிய சதுரப் பியானோ ஒன்று, ஜேன் ஃபேர்ஃபாக்ஸ் என்ற இளம்பெண் தங்கியிருந்த, அவள் பாட்டி பேட்ஸின் வீட்டில் வந்து இறங்குகிறது. அனுப்பியவர் பெயர் இல்லை. வேமத் கடற்கரை ஊரிலேயே ஃபிராங்குக்கும் ஜேனுக்கும் ரகசிய நிச்சயம் ஆகியிருந்தது. ஊர், ஜேனை வளர்த்த கர்னல் கேம்பல் அனுப்பியிருப்பார் என்றது. எம்மாவோ, ஜேனின் தோழியைக் கட்டிய டிக்சன்தான் என்று துப்புத் துலக்கி, அதைப் போய்ச் சொன்னது வாங்கியவனிடமே. அவனும் யோசிப்பதுபோல் யோசித்து ஆமாம் போட்டான். நைட்லிக்கு ஜேன்மேல் ஒரு கண், பியானோவும் அவர் அனுப்பியதாக இருக்கும் என்று சின்னம்மா ஊகித்தபோது எம்மா பதறுகிறாள்: நைட்லி கல்யாணம் செய்துகொண்டால் அவருடைய டான்வெல் சொத்து, அவர் தம்பியைக் கட்டிய தன் அக்காவின் மகன் ஹென்றிக்கு வராமல் போய்விடுமே! அக்கா மகனின் சொத்துக்காக ஒரு கன்னிப்பெண் இவ்வளவு கலங்கியதற்கு இன்னொரு இலக்கியச் சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. ஃபிராங்க் நிஜமாகவே முடியையும் வெட்டிக்கொண்டுதான் வந்தான். சாக்குச் சொல்லிவிட்டு ஊர் சுற்றப் போகிறவர்கள் இந்தச் சிரத்தையைக் கவனிக்கவும்.

பியானோவின் விலையையோ, முடிவெட்டிய கூலியையோ ஆஸ்டின் எழுதவில்லை. முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.