ஏரிக்கு ஒரு டிகிரி

பழவேற்காட்டு ஏரியின் உப்பை அளக்க மின்னணுவியல், சூழலியல், கணினி மூன்றையும் சேர்த்துப் படித்த பிள்ளைகள் தேவையாம். வரட்டும். அவர்கள் ஏரியில் இறக்கும் சென்சார் உப்பை நேரே பார்ப்பதில்லை. நீரில் மின்சாரம் எப்படிப் பாய்கிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறது. சில வாரம் கிடந்தால் பாசியும் கொட்டலசும் ஏறி அதுவும் ஏரிவாசி ஆகிவிடும். பிறகு அது சொல்வது உப்பின் கணக்கல்ல, பாசியின் சுகச்செய்தி.

முகத்துவாரம் மணலில் தூர்ந்தால் கடல்நீர் வராது, இறாலும் வராது. மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ வழக்கத்தில் தன் முறைக்குக் காத்திருப்பவருக்கு இதை வலையே சொல்லிவிடும். பாவம், வலைக்குப் பட்டம் கிடையாது.

பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பூமியை அளக்கச் செயற்கைக்கோள்கள் கிளம்புகின்றன. அவை கிளம்பும் நாளில் மீனவர் கடலுக்குப் போகக் கூடாது.