பழைய அம்பாசிடருக்கு ஒயரிங் வைத்தியம்: நீங்களே செய்து பாருங்கள்!

வீட்டு வாசலில் ஒரு பழைய அம்பாசிடர் நிற்கிறது. ஹெட்லைட் போட்டால் ஹாரன் கம்முகிறது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது. காலையில் செல்ஃப் அடித்தால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அப்புறம் மௌனம். கவலையே வேண்டாம், சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள்.

1958 முதல் 2014 வரை உத்தர்பாராவில் தயாரான வண்டி இது. அதன் பழைய மாடல்களில் கம்ப்யூட்டர், சென்சார் என்று எந்த வம்பும் கிடையாது. ஒரு 12 வோல்ட் பேட்டரி, அதைச் சார்ஜ் செய்ய ஒரு டைனமோ, கொஞ்சம் ஒயர், சுவிட்ச், பல்பு. பிரிட்டனில் பழைய கார்க்காரர்கள், கார்களுக்கு மின் பாகங்கள் செய்த லூகாஸ் கம்பெனியை 'இருட்டின் இளவரசன்' என்று கிண்டலடிப்பார்கள். நம் சென்னையில், பாடி பகுதியில் லூகாஸ் என்றால் பஸ் கண்டக்டரே இறக்கிவிடுவார். பாவம், எல்லாப் பழியையும் கம்பெனி மேல் போடக் கூடாது. முயற்சி செய்தால் இருட்டை நாமே உண்டாக்கலாம்.

1. மீட்டர் வாங்காதீர்கள்

சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. இன்ஜின் ஓடாதபோது பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். ஓடும்போது 14ஐ ஒட்டிக் காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. இந்த இரண்டு எண்ணும் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்வீர்கள்?

ஆகவே ஒயரை எடுத்து பாடியில் உரசுங்கள். பெரிய பொறி பறந்தால் நல்ல கரண்ட். சின்னப் பொறி என்றால் சுமார். பொறியே வராவிட்டால், போன தடவை உரசியதில் ஏதோ போய்விட்டது.

2. முதலில் பேட்டரியை மாற்றுங்கள்

என்ன கோளாறு என்பது முக்கியமில்லை. டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறதே, அதைத் தொடாதீர்கள். வெந்நீர் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் கால் மணியில் போய்விடும், வண்டியும் ஸ்டார்ட் ஆகித் தொலைக்கும்.

புதுப் பேட்டரியும் 'டக்' என்கிறதா? ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றுங்கள். பிறகு சோலனாய்டு. பிறகு சாவி சுவிட்ச். விலை அதிகமானதில் தொடங்கிக் குறைந்ததை நோக்கி இறங்கி வாருங்கள். மறந்தும் கீழிருந்து மேலே போகாதீர்கள். முதல் படியிலேயே வேலை முடிந்துவிடும் அபாயம் உண்டு.

3. எர்த் என்ற ஒன்றை மறந்துவிடுங்கள்

இதுதான் இந்தப் பயிற்சியின் உயிர்நாடி, நிதானமாகப் படியுங்கள். பல்புக்கு ஒரு ஒயர்தான் போகிறது. கரண்ட் திரும்பி வருவது வண்டியின் இரும்பு உடம்பு வழியாக. அதாவது, உங்கள் ஹெட்லைட்டின் பாதி ஒயரிங் துருப்பிடித்த ஒரு ஸ்க்ரூ. மழைக்காலம் நாற்பது பார்த்த ஸ்க்ரூ.

டெயில் லேம்ப்பின் எர்த் விட்டுப்போனால், பிரேக் விளக்குக்குப் போன கரண்ட் திரும்ப வழியில்லாமல் பக்கத்து பல்புக்குள் நுழைந்து வெளியேறப் பார்க்கும். அதனால்தான் பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் எரிகிறது. இதைப் போய் ஒரு போல்ட்டைச் சுரண்டிச் சரிசெய்யலாமா? வண்டிக்குக் கண்ணேறு என்று முடிவுகட்டுங்கள். எலுமிச்சம்பழம் வாங்குங்கள். அதை அறுத்து எர்த் போல்ட்டில் தேய்த்தால் துரு கொஞ்சம் கழன்றிருக்கும். நீங்கள் டயருக்கு அடியில் வைத்து நசுக்குங்கள்.

இன்ஜின் விஷயம் இன்னும் சுவாரசியம். அது ரப்பர் மவுண்ட்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதற்காகவே இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே பின்னல் கம்பிப் பட்டை ஒன்று உண்டு. கிளட்ச் வேலை பார்த்தபோது மெக்கானிக் கழற்றி, மாட்ட மறந்து, டிக்கியில் போட்டுவிட்டார். டிக்கியிலேயே இருக்கட்டும். செல்ஃப் அடித்தால் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் மோட்டாருக்கு ஒரு வழி வேண்டுமே? இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் அடுத்த இரும்பு சோக் கேபிள்தான். கையில் சோக் குமிழ் சுடும். கேபிள் உறை இளகிப் புகையும். உடனே செய்யவேண்டியது: சோக் கேபிளை மாற்றுங்கள். அடுத்த மாதமும் மாற்றுங்கள்.

இன்னொன்று. இந்த வண்டியின் மூதாதை மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு பாசிட்டிவ் எர்த் வண்டி. உங்களுடையது எந்த ரகம் என்று பார்க்காமலேயே புது மியூசிக் சிஸ்டத்தை மாட்டுங்கள். ஒரு நொடியாவது பாடும்.

4. ஃபியூஸ் போனால் அதன் வாயை அடையுங்கள்

அந்தக் காலத்து பிரிட்டிஷ் வழி கார்களில் பல முழு வண்டிக்கும் இரண்டே கண்ணாடி ஃபியூஸோடு வந்தவை. 35 ஆம்பியர். ஃபியூஸ் எரிவது 'எங்கோ ஷார்ட் ஆகிறது, தேடு' என்று அது சொல்லும் சேதி. சேதி பிடிக்காவிட்டால் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுற்றுங்கள். அதுவும் எரிந்தால் ஓர் ஆணி. ஆணி எரியாது. ஃபியூஸின் வேலையை இனி ஒயர் பார்த்துக்கொள்ளும். டாஷ்போர்டிலிருந்து டிக்கி வரை நீளமான ஒயர் அது, எந்த இடத்தில் உருகுகிறது என்பது வாசனையில் தெரியும்.

5. நூறு வாட் பல்பு போடுங்கள்

எதிரே வரும் லாரிக்காரன் கண்ணைக் கூசவைக்கிறான், நாம் மட்டும் விடுவதா? ஹை பீமில் 100 வாட் இரண்டு, 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 17 ஆம்பியர். அந்தக் காலத்து லூகாஸ் டைனமோ முழுவேகத்தில் கொடுப்பதே 22 ஆம்பியர். வைப்பர் ஒரு பங்கு, இக்னிஷன் ஒரு பங்கு என்று கழித்தால் பேட்டரிக்கு மிச்சம் உங்கள் ஆசீர்வாதம் மட்டும். அந்த 17 ஆம்பியரும் அந்தக் காலத்தில் வடிவமைத்த டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகத்தான் போகவேண்டும். நடுவே ஒரு ரிலே வைத்தால் சுவிட்ச் பிழைக்கும், சென்னை ஜி.பி. ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆகவே அந்தப் பக்கமே போகாதீர்கள்.

6. எல்லா ஒயரும் சிவப்பு

கம்பெனி ஒயரிங்கில் நிறத்துக்கு அர்த்தம் உண்டு. பழுப்பு நேரே பேட்டரியிலிருந்து வருவது, வெள்ளை இக்னிஷன், பச்சை ஃபியூஸ் தாண்டியது, நீலம் ஹெட்லைட், கறுப்பு எர்த். இது தெரிந்த எவனும் பத்து நிமிடத்தில் கோளாறைப் பிடித்துவிடுவான். எனவே, கடையில் கிடைக்கும் சிவப்பு ஒயர் ஒரு சுருள் வாங்கி எல்லாவற்றுக்கும் அதையே ஓட்டுங்கள். தீர்ந்துவிட்டால் போன திருவிழாவின் சீரியல் செட் ஒயர்.

உறையைப் பல்லால் உரியுங்கள். முனைகளை முறுக்குங்கள், சால்டரிங் வேண்டாம். மேலே டேப். அக்னி நட்சத்திரத்தில் பசை இளகி டேப் தானாகக் கழன்று, பக்கத்து ஒயரோடு சிநேகமாகும். எது வேலை செய்யாவிட்டாலும் பேட்டரியிலிருந்து 'டைரக்ட்' கொடுத்து, டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு சுவிட்ச் வையுங்கள். எதற்கு என்று எழுதி வைக்காதீர்கள்.

7. பாயிண்ட்டை மாற்றுங்கள், கண்டென்சரைத் தொடாதீர்கள்

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இக்னிஷன் பாயிண்ட் அடிக்கடி கருகுவது பெரும்பாலும் கண்டென்சரின் கைவரிசை. நீங்கள் பாயிண்ட்டையே மாற்றிக்கொண்டிருங்கள். இடைவெளி 0.4 மில்லிமீட்டர் அளவில் இருக்கவேண்டும். ஃபீலர் கேஜ் எதற்கு, கல்யாணப் பத்திரிகை இருக்கிறதே.

8. ஓடும் இன்ஜினில் பேட்டரியைக் கழற்றுங்கள்

சார்ஜ் ஏறுகிறதா என்று அறிய எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் நடக்கும் சோதனை இது. டெர்மினலைப் பிடுங்கியும் வண்டி ஓடினால், பிந்தைய மாடல்களில் டைனமோவுக்குப் பதில் வந்த ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்று பொருள். நன்றாக இருந்தது என்று சொல்வதே சரி. பேட்டரி விலகிய நொடியில் வோல்டேஜ் எகிறி உள்ளே டையோடு போயிருக்கும். டைனமோ வண்டி வைத்திருப்பவர்கள் மனம் தளரவேண்டாம். டையோடு இல்லாவிட்டால் என்ன, எகிறும் வோல்டேஜில் எரிவதற்கு பல்புகள் இருக்கின்றன.

9. விற்றுவிடுங்கள்

விளம்பரத்தில் 'ஃபுல் ஒயரிங் புதுசு' என்று போடுங்கள், பொய்யில்லை. வாங்குகிறவரைப் பகலில் வரச்சொல்லுங்கள். அவர் வருவதற்கு அரை மணி முன்பே தெருப் பையன்களைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்து, ஓடவிட்டு வையுங்கள். ஒருமுறை ஆஃப் செய்து காட்டச் சொன்னால் காதில் விழாத மாதிரி பானெட்டைத் துடையுங்கள். டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் மூன்றாவது சுவிட்ச் எதற்கு என்று கேட்பார். "அது கிடக்கட்டும் தம்பி, அதை மட்டும் போட்றாதீங்க" என்று சொல்லி, பணத்தை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.