பெற்றது பேண்டம், பேர் வில்லிஸுக்கு

1940 ஜூலை. ஹிட்லர் பிரான்சை விழுங்கி ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தபோது அமெரிக்க ராணுவத்துக்கு ஞானோதயம் பிறந்தது: இனி குதிரையை நம்ப முடியாது. 135 கம்பெனிகளுக்குக் கடிதம் பறந்தது. நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும், எடை 590 கிலோவைத் தாண்டக் கூடாது, முதல் வண்டி 49 நாளில் வாசலில் நிற்க வேண்டும். வண்டி செய்யத் தெரிந்தவர் யாரும் எழுதிய கடிதமாகத் தெரியவில்லை.

133 பேர் கண்டுகொள்ளவே இல்லை. துணிந்தவை இரண்டு: வில்லிஸ், பென்சில்வேனியாவின் பட்லர் ஊரில் மூடுவிழாவுக்குக் காத்திருந்த பேண்டம். வில்லிஸ் கேட்ட விலை குறைவு, ஆனால் 75 நாள் வேண்டும் என்றது. எனவே ஆர்டர் பேண்டமுக்கு. வரைபடம் போட அங்கே ஆள் இல்லாமல் டெட்ராய்ட்டிலிருந்து கார்ல் ப்ரோப்ஸ்டைக் கூட்டி வந்திருந்தார்கள். இரண்டே நாளில் முழு வண்டியையும் அவர் வரைந்து தள்ளினார். எடை கட்டாயம் தாண்டும் என்று தெரிந்தும், ஏலத்தாளில் ராணுவத்துக்குப் பிடித்த எண்ணையே எழுதிக் கொடுத்தார்கள்! ஆக்ஸில்? ஸ்டூட்பேக்கர் சாம்பியன் காருக்கு ஸ்பைசர் கம்பெனி செய்துவந்ததை வாங்கி மாற்றிக்கொண்டார்கள். செப்டம்பர் 23, மாலை நாலரை மணிக்கு வண்டி மேரிலாந்தின் ஹோலாபர்ட் முகாமுக்குள் நுழைந்தது. கெடு ஐந்து மணிக்கு.

ராணுவம் வண்டியைப் புகழ்ந்தது. புகழ்ந்த கையோடு அதன் வரைபடங்களை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்தது. வில்லிஸ் கொண்டுவந்த வண்டியில் 60 குதிரைசக்தி எஞ்சின், கூடவே ஏகப்பட்ட எடை. அதற்குள் வரம்பு 980 கிலோவாக உயர்ந்தும் போதவில்லை. அவர்களுடைய எஞ்சினியர் பார்னி ரூஸ் போல்ட்டுகளின் நீளத்தைக் குறைத்தார், பெயின்ட்டைக்கூட எடை பார்த்து அடித்தார். எஞ்சினில் மட்டும் கை வைக்கவில்லை. 1941 தொடக்கத்தில் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் படிக்கட்டில் அந்த வண்டியை ஏற்றி, பத்திரிகைக்காரர்கள் படம் பிடிக்கக் காட்டினார்கள். ஸ்டீரிங்கில் ஒரு செனட்டர்.

படியேறியது செனட்டரின் திறமையால் அல்ல. கியர்பாக்ஸை ஒட்டி இன்னொரு பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ். அதற்கு இரண்டு குச்சிகள்: ஒன்று முன் ஆக்ஸிலைச் சேர்க்கும், மற்றது லோ கியரில் போடும். பின்னாளில் லட்சக்கணக்கில் வந்த வில்லிஸ் எம்பி ஜீப்பின் கணக்கைப் பாருங்கள்: முதல் கியரில் 2.66 மடங்கு, லோவில் 1.97, ஆக்ஸிலில் 4.88. பெருக்கினால் எஞ்சினின் முறுக்குவிசை 25 மடங்குக்கு மேல் சக்கரத்துக்கு வருகிறது. பதிலுக்கு வேகம் போய்விடும். ஆக்சிலரேட்டரை மிதிக்காவிட்டால் நடந்து வருபவன் முந்திவிடுவான். இவ்வளவு விசையையும் பின் சக்கரங்களிடம் மட்டும் கொடுத்தால் அவை மண்ணைத்தான் தோண்டும். பிடிமானம் என்பது இழுக்கும் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் எடையைப் பொறுத்தது. நான்கும் இழுத்தால் மொத்த வண்டியின் எடையும் வேலைக்கு வந்துவிடுகிறது.

தார் ரோட்டில் முன் ஆக்ஸிலைச் சேர்த்து ஓட்டக் கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது; முறுக்கிக்கொண்டு ஷாஃப்டும் டயரும் அழும். சேற்றில் சறுக்கிச் சமாளித்துக்கொள்ளும்.

சேற்றில் வேறு வில்லன் இருக்கிறான், ஆக்ஸிலுக்குள் இருக்கும் சாதா டிஃபரன்ஷியல். இடது, வலது இரண்டுக்கும் சமமாகத்தான் முறுக்கைப் பிரிப்பான். ஒரு சக்கரம் சகதியில் வழுக்கினால், அதைச் சும்மா சுற்ற எவ்வளவு போதுமோ அவ்வளவுதான் கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும். நல்ல சக்கரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, வெட்டிச் சக்கரம் கிறுகிறுவென்று சுற்றும். இத்தனை வீராப்புக்குப் பிறகும், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று வழுக்கினால் ஜீப் அம்போ.

ராணுவத்தின் விநியோகமும் ஏறக்குறைய இந்த டிஃபரன்ஷியல் லட்சணம்தான். போருக்கான ஜீப்புகள் ஆறு லட்சத்துக்கு மேல். கிட்டத்தட்ட அத்தனையும் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும். ஃபோர்டு தன் பங்குக்கு போல்ட் தலையில்கூட ‘எஃப்’ பொறித்துக்கொண்டது. பேண்டம் செய்தது மூவாயிரத்தைத் தொடவில்லை. முதல் ஜீப்பைப் பெற்றவர்களுக்குப் பிறகு கிடைத்த ஆர்டர், அதே ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கும் டிரெய்லர்: இரண்டே சக்கரம், எஞ்சின் கிடையாது.

ஜீப்பை உருவாக்கியது தானே என்று வில்லிஸ் விளம்பரம் செய்ய, அமெரிக்க வர்த்தக ஆணையம் 1943-இல் அதன் மேல் புகார் போட்டது. 1948-இல் அப்படிச் சொல்லக் கூடாது என்று உத்தரவும் போட்டது. 1950-இல் ‘ஜீப்’ என்ற பெயரையே வில்லிஸ் தன் வர்த்தகச் சின்னமாகப் பதிவுசெய்துகொண்டது.